புதுத் தோல் உறையைப் பழக்குவது: தண்ணீர் முதலில், எண்ணெய் கடைசியில்

கத்தி, கத்திரி செருகி வைக்கப் புதுத் தோல் உறை ஒன்று கைக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்து உள்ளும் புறமும் தாராளமாகத் தடவி, வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். தோல் உடனே இளகிவிடும், கருவியும் சுலபமாக உள்ளே போகும். வேலை முடிந்தது என்று நினைப்போம். இரண்டு மழை கழிந்தபின் பார்த்தால் உறை துணிப்பை மாதிரி தொங்கும், வாய் மூடிக்கொள்ளும், கத்தியோ கத்திரியோ உள்ளே நிற்காது. இப்படிக் கெட்டுப்போன உறைகளை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திற்பரப்புப் பக்கத்துத் தோட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். தோலை இளக வைப்பது வேறு, பழக்குவது வேறு. பழக்குவதற்குத் தேவை தண்ணீரும் கையழுத்தமும் நிழலும்தான். எண்ணெய் எல்லாம் முடிந்தபிறகு, அதுவும் கொஞ்சமாக. என் கவாத்துக் கத்திரிக்கு வந்த புது உறையை அப்படிப் பழக்கி எடுத்ததை விவரமாக எழுதி வைக்கிறேன்.

கத்திரி எட்டு அங்குலம். ஒரு அலகு இன்னொன்றை ஒட்டிக் கடந்து வெட்டும் வகை. கைப்பிடிக்குச் சிவப்பு ரப்பர் மாதிரி ஒரு பூச்சு, நடுவே சுருள் வில், மூடி வைக்க ஒரு சின்னக் கொக்கி. ரம்புட்டான் பறித்து முடிந்ததும் காய்த்த கொப்புகளின் நுனியை வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த ஆண்டுக்குப் புதுத் தளிர் வரும். நல்லமிளகுக் கொடியில் தொங்கிக் கிடக்கும் தண்டுகளைக் கழிக்கவும் இதே கத்திரிதான். இரண்டுமே ஏணியில் நின்று செய்யும் வேலை. ஒரு கை ஏணியையோ கொப்பையோ பிடித்திருக்கும், மிச்சம் இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையால் கத்திரியை உருவ வேண்டும், வெட்ட வேண்டும், குனிந்து பார்க்காமல் திரும்பச் செருக வேண்டும். கால்சட்டைப் பையில் போட்டால் நுனி தொடையில் குத்தும். மடியில் செருகினால் எப்போது விழும் என்று தெரியாது, கீழே கொப்பு பொறுக்கிக்கொண்டு ஆள் நிற்கும்.

ஒரு கையால் உருவுவது என்றதும் சாம் பிரவுன் நினைவுக்கு வருகிறார். பிரிட்டிஷ் இந்தியப் படையில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர். 1858இல் நடந்த சண்டையில் இடது கையை இழந்தார். வாள் உறையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால், இடுப்பு வாரோடு தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டையைச் சேர்த்து உறையை அசையாமல் நிறுத்தினார். இன்றும் சீருடையில் அந்தப் பெல்ட்டுக்கு அவர் பெயர்தான். உறை அசையாமல் நின்றால் ஒரு கை போதும். வாள் உறைக்கும் கத்திரி உறைக்கும் இந்த விஷயத்தில் பேதம் கிடையாது.

சரி, உறைக்கு வருகிறேன். ஆம்பூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் செய்து தபாலில் வந்தது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனம் உள்ள மாட்டுத்தோல், கையால் போட்ட தடித்த நூல் தையல், மேலே டிச் பட்டன் வைத்த ஒரு வார், பின்னால் பெல்ட் நுழைய ஒரு மடிப்பு. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் உயரமாக விட்டிருந்தார்கள். அது நல்ல வேலைக்கு அடையாளம். கத்திரியின் நுனி அந்தப் பின்பக்கத் தோலில் பட்டு வழுக்கிக்கொண்டு தானாக வாய்க்குள் இறங்கும். ஆனால் புதிதில் கத்திரி பாதிதான் இறங்கியது. அழுத்தினால் போகிறது, பிறகு உருவ இரண்டு கையும் வேண்டும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நல்ல உறை புதிதில் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். இறுக்கத்தைத் தளர்த்தலாம், தளர்ந்ததை இறுக்க முடியாது.

தண்ணீரில் பழக்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத்தோலா, குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலா? பட்டைத்தோலாக இருந்தால்தான் நனைத்து உருவம் கொடுத்துக் காய வைத்தபின் அந்த உருவம் நிற்கும். குரோம் தோல் நனைந்தாலும் பழையபடி வந்துவிடும். செருப்பின் மேல்தோலுக்கும் கைப்பைக்கும் அது நல்லது, உறைக்கு ஒத்துவராது. கண்டுபிடிப்பது சுலபம். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளே நடுவில் நீலமும் சாம்பலும் கலந்த நிறம் தெரிந்தால் குரோம். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டை. சாயம் போட்ட தோலில் இது ஏமாற்றலாம். அப்போது பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத்தோல் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த இடம் சட்டென்று கறுக்கும்.

பட்டையில் பதனிடுவது நம் மாநிலத்துக்குப் புது வித்தை இல்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் உண்டு. ஈஸ்ட் இந்தியா தோல் என்றே அதற்குப் பெயர். பின்னாளில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் என்ற வேல வகை மரத்தின் பட்டை பிடித்தது. திண்டுக்கல், ஈரோடு பக்கம் அந்தப் பதனிடும் முறை இன்னும் இருக்கிறது. வயலோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடிக்கும் என் இடுப்பில் தொங்கும் உறைக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் தெருவில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த மாமா ஒருவர் இருக்கிறார். இந்த மாவட்டத்தில் அப்படி ஒருவராவது இல்லாத தெரு குறைவு. உறையைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி, வாய்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“மாமா, கொஞ்சம் எண்ணெய் போட்டு இளக்கிட்டா என்ன?” என்றேன்.

“எண்ணெய ஊத்தப்பிடாது மக்கா. இது கத்திரியப் புடிச்சி நிக்கணும்லா? எண்ணெய குடிச்ச தோலு எதைப் புடிக்கும்? வெதுவெதுன்னு தண்ணியில நனை. கத்திரிய பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள வை. ராத்திரி பூரா கெடக்கட்டு.”

கைத்துப்பாக்கி உறை புதிதாக வந்தால் அவர்களும் இதைத்தான் செய்வார்களாம். குண்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து, துப்பாக்கியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் செருகி ஓர் இரவு விட்டுவிடுவது. காலையில் இறுக்கம் பாதி குறைந்திருக்கும். அதற்குமேல் உருவி உருவிச் செருகுவதுதான் பழக்கம். நான் பின்பற்றியதும் அடிப்படையில் இதையேதான், என் கருவிக்கு ஏற்றபடி சில இடங்களில் கூட்டிக் குறைத்து.

முதலில், எங்கே பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் எல்லா இடமும் இறுக்கமாகத்தான் தோன்றும், உண்மையில் பிடிப்பது இரண்டு மூன்று இடங்கள்தான். அதற்கு முகத்துக்குப் போடும் பவுடர் போதும். கத்திரியை மூடிக் கொக்கி மாட்டி, மேலெல்லாம் பவுடரைப் பூசி, அது போகிற அளவுக்குச் செருகி உருவினேன். பிறகு கைபேசி வெளிச்சத்தை உறைக்குள் அடித்துப் பார்த்தால் எங்கெல்லாம் உரசுகிறதோ அங்கெல்லாம் வெள்ளைக் கோடு. கத்திரியிலும் அதே இடங்களில் பவுடர் வழித்துவிட்டாற்போலப் போயிருக்கும். எனக்குக் கிடைத்தவை மூன்று இடம்: சுருள் வில் புடைத்திருக்கும் நடுப்பகுதி, வாய் விளிம்பில் கொக்கி தட்டும் ஓரம், அடியில் வளைந்த அலகின் முதுகு. மிச்ச இடமெல்லாம் சும்மா இருந்தது. ஆக, உறை முழுவதையும் இளக்க வேண்டிய அவசியமே இல்லை, மூன்று இடத்தில் இடம் கொடுத்தால் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் தண்ணீரில் முக்க வேண்டாம் என்பேன். நனைந்தபின் கை எங்கே அழுத்த வேண்டும் என்பதை அந்தக் கோடுகள்தான் சொல்லும்.

அடுத்து கத்திரியைத் தயார் செய்வது. அலகில் மெல்லிய எண்ணெய் பூசி, சமையலறையில் உணவு மூட வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினேன். வில் இருக்கும் இடத்திலும் கொக்கி இருக்கும் இடத்திலும் கூடுதலாகச் சில சுற்று. காயும்போது தோல் கொஞ்சம் சுருங்கும், அந்தக் கூடுதல் சுற்று பிறகு உருவுவதற்கான இடைவெளியாக நிற்கும். பிளாஸ்டிக் சுற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டைத்தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைக்கறுப்பாகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இதே விதியில்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு, கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. ஈரத்தோலில் வெறும் இரும்பு பட்டால் அதே மை தோலுக்குள்ளேயே உண்டாகிவிடும், கழுவினால் போகாது. எங்காவது லேசாகக் கறுத்துவிட்டால் எலுமிச்சம்பழச் சாற்றில் நிறையத் தண்ணீர் கலந்து துணியில் தொட்டுத் துடைத்தால் மங்கும். துடைத்தபின் வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்துவிட வேண்டும், புளிப்பு தோலில் தங்கக் கூடாது.

தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். கொதிநீர் கூடவே கூடாது, ஈரமான பட்டைத்தோல் சூட்டில் சுருங்கிக் கட்டையாகிவிடும், அப்புறம் திரும்பாது. உறையை முழுவதும் முக்கியதும் தையல் துளைகளில் இருந்தும் விளிம்பில் இருந்தும் குமிழ்கள் வந்தன. குமிழ் நின்றதும் எடுத்துவிட வேண்டும். ஊறப்போட்டுவிட்டுப் போய் டீ குடித்து வந்தால் தோல் கொழகொழவென்று ஆகிவிடும். எடுத்த உறையை உதறி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஓரமாக வைத்தேன். ஈரம் உள்ளும் புறமும் ஒரே அளவாகப் பரவ இது தேவை. பிறகு பையில் இருந்து எடுத்துக் காற்றில் கொஞ்சம் விட்டால் கறுத்திருந்த நிறம் மெல்ல வெளுத்து, பழைய பழுப்பை நோக்கி வரும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். அதற்கு முன்னால் அழுத்தினால் உருவம் நிற்காது, அதற்குப் பின்னால் அழுத்தினால் தோல் வளையாது.

பதம் வந்ததும் சுற்றி வைத்த கத்திரியை உள்ளே இறக்கினேன். இப்போது அடிவரை போனது. அப்புறம் முழுக்கக் கைவேலை. இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தள்ளிக்கொண்டே வர வேண்டும். வில்லின் புடைப்பு எங்கே முடிகிறதோ அங்கே தோலில் ஒரு பள்ளம் விழ வேண்டும். விரலுக்கு எட்டாத மூலையில் தேய்க்க, வழவழப்பாக்கிய சிரட்டைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். தேங்காய்ச் சிரட்டையை ஒரு விரல் நீளத்துக்கு உடைத்து, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து உருட்டிவிட்டால் அதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது. கெட்டியானது, கறை விடாது, தோலைக் கீறாது. உலோகக் கரண்டியும் உதவும், ஆனால் இரும்பாக இருந்தால் மேலே சொன்ன கறுப்பு வரும். சிரட்டையால் அலகின் முதுகை ஒட்டி ஒரு கோடு இழுத்தபோது தோல் அந்த வளைவை அப்படியே வாங்கிக்கொண்டது. நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதத்தில் பட்ட நகக்கீறல் உறை இருக்கிறவரை இருக்கும்.

வாயைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முன்பக்க விளிம்பை ஒரு நெல் தடிமன் அளவுக்கு வெளியே மலர்த்திவிட்டேன். பார்க்காமல் செருகும்போது நுனி விளிம்பில் முட்டி நிற்காமல் உள்ளே நழுவ அது போதும். கொக்கி தட்டிய ஓரத்தைச் சிரட்டையால் திரும்பத் திரும்பத் தேய்த்து உட்பக்கமாகக் குடைந்தேன்.

வாரையும் இதே ஈரத்தில் பழக்கிவிடலாம். புதிதில் டிச் பட்டன் எட்டவே எட்டாது. வாரை இழுத்தால் பட்டனின் தலை குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினால் பட்டன் தோலில் இருந்து பிய்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போது வாரை மட்டும் நிதானமாக நீட்டி, கைப்பிடியின் மேல் படிய வைத்து, பட்டனைப் போட்டு அப்படியே விட்டேன். பெல்ட் மடிப்புக்குள் பெல்ட் கனத்துக்கு ஒரு மரச்சட்டத்தைச் செருகி வைத்தேன். காய்ந்தபின் மடிப்பு அந்த அளவுக்கே நின்றது.

காய வைப்பதுதான் இந்த மாவட்டத்தில் கஷ்டமான பகுதி. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மலையோரத்தில் துணியே காயாது, தோல் எப்படிக் காயும்? ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையில் தொங்கவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். மறுத்துவிட்டேன். புகைப்புரையின் சூடு ஷீட்டுக்குச் சரி, ஈரத்தோலுக்கு ஆகாது. மேல்தோல் முதலில் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், பிறகு வளைத்தால் மேல்தோல் வெடிக்கும். கூடவே புகை நாற்றம் வேறு. வெயிலும் வேண்டாம், அடுப்புக்கு மேலே பரணும் வேண்டாம். மழை ஓய்ந்து காற்று அடிக்கும் வாரமாகப் பார்த்து, வீட்டுக்குள் மின்விசிறி காற்று படுகிற இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். முதலில் கத்திரி உள்ளேயே இருந்தது. தொட்டால் உருவம் கலையாத அளவுக்கு வந்ததும் கத்திரியை எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் உள்பக்கம் காயாமல் பூசணம் பிடிக்கும். அவசரப்படாமல், எடையில் பழையபடி லேசாகிறவரை விட வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு கிடையாது, அங்கே அடிக்கும் காற்றுக்கு எதுவும் காய்ந்துவிடும்.

காய்ந்தபின் பிளாஸ்டிக் இல்லாமல் கத்திரியைச் செருகினேன். அடியில் போய் உட்கார்ந்ததும் ஒரு சின்னச் சத்தம். உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன், வார் போடாமலே கத்திரி நின்றது. இழுத்தபோது முதலில் ஒரு பிடிப்பு, அதைத் தாண்டியதும் தடையில்லாமல் வந்தது. நல்ல உறையின் லட்சணமே அந்த முதல் பிடிப்புதான். எண்ணெய் ஊற்றி இளக்கிய உறையில் அது ஒருபோதும் கிடைக்காது.

அதோடு விடவில்லை. உள்பக்கம் இன்னும் சொரசொரப்பாக இருந்தது. தோலின் சதைப்பக்கம் நார் நாராக இருக்கும். கத்திரியின் ரப்பர் பூச்சு அந்த நாரில் ஒட்டி இழுக்கும், வெட்டிய கொப்பின் தூளும் அதில்தான் போய்ச் சேரும். அதை வழித்துப் படிய வைக்கப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்தினேன். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, பருப்பை மாவாக இடித்து, தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கண்ணாடி மாதிரி வழவழப்பான பசை வரும். நூலுக்குக் கஞ்சி போட நெசவில் இதைப் பயன்படுத்துவார்கள். தண்ணியாகக் காய்ச்சியதை விரலில் தொட்டு உள்ளே எட்டுகிற இடமெல்லாம் மெல்லிதாகப் பூசி, பாதி காய்ந்ததும் ஒரு குச்சியின் நுனியில் கட்டிய சிரட்டைத் துண்டால் வாயில் இருந்து அடியை நோக்கி ஒரே திசையில் தேய்த்தேன். நார்கள் படிந்து பளபளப்பு வந்தது. சோற்றுக்கஞ்சி போட்டாலும் படியும், ஆனால் கரப்பானும் எறும்பும் தேடி வரும்.

பசை பூசணம் பிடிக்காமல் இருக்கத் துரிசு என்கிற மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்க்கச் சொல்வார்கள். ரப்பருக்குப் பூசண நோய் வராமல் துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிக்கிற ஊரில் துரிசு எல்லோர் வீட்டிலும் இருக்கும். உறையில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். துரிசு செம்பு உப்பு. இரும்பில் பட்டால் செம்பு படியும், இரும்பை அரிக்கும். அலகின் கூர்மைக்கு அது எமன்.

பிறகு விளிம்புகள். இரண்டு தோலும் சேர்ந்து தைத்த ஓரம் புதிதில் இரண்டு கோடாகத் தெரியும், கையை உரசும். முதலில் 220 நம்பர் உப்புத்தாளால் இரண்டும் ஒன்றாகும்வரை தேய்த்தேன். அடுத்து 400, கடைசியில் 600. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் எழும்பி நிற்கும் நார் கண்ணுக்குத் தெரியும், அடுத்த தாள் அதை வெட்டும். கடைசியாக அதே புளியங்கொட்டைப் பசையை விளிம்பில் தொட்டு வைத்து, பள்ளம் போட்ட தேக்குக் குச்சியால் வேகமாக முன்னும் பின்னும் தேய்த்தேன். உரசலில் சூடு ஏறியதும் விளிம்பு கறுத்து, இறுகி, ஒரே துண்டுபோல ஆனது. இரண்டு தோல் சேர்ந்த கோடு மறைந்துவிட்டது. சத்தம்கூட மாறும்: ஆரம்பத்தில் கரகரவென்று இருப்பது, பதம் வந்ததும் வழுக்கும் ஓசையாகிவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அடியில் ஒரு சின்னத் துளை போட்டேன். கொப்புத் தூள், இலைத்துணுக்கு, மழைத்தண்ணீர் எல்லாம் வெளியேற வழி வேண்டும். தூள் உள்ளே தங்கினால் அது ஈரத்தைப் பிடித்து வைத்து அலகைத் துருப்பிடிக்க வைக்கும். தையலுக்கு விலகி, தோல் நடுவில் வட்டத் துளையாகப் போட வேண்டும், கீறலாக வெட்டினால் அது நீண்டுகொண்டே போகும்.

இப்போதுதான் எண்ணெய்க்கு முறை வந்தது. தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது தோலில் சீக்கிரம் ஆழமாக இறங்கி இளக்கிவிடும், நாள் போகப்போகச் சிக்கு வாடையும் வரும். எடுத்தது புங்க எண்ணெய். பட்டைத்தோல் பதனிடுகிறவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய எண்ணெய், பூச்சியும் அண்டாது. வாடை கொஞ்சம் உண்டு, சில வாரத்தில் அடங்கிவிடும். அதோடு தேன்மெழுகு. அதற்கு இந்த மாவட்டத்தில் அலைய வேண்டியதில்லை, மார்த்தாண்டம் இருக்கிறது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று தொடங்கியது, இன்று ரப்பர் பூக்கிற... இல்லை, ரப்பர் தளிரில் சுரக்கும் இனிப்பை நம்பி இந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் தேன்பெட்டி வைக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. தேன் எடுப்பவர்களிடமே பழைய அடையை உருக்கிய மெழுகு கிடைக்கும். உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் இளகி ஒன்றாக வர வேண்டும், தேன் வாசனை இருக்க வேண்டும். மெழுகுவத்தி மெழுகு கலந்தது வழுக்கிக்கொண்டே இருக்கும்.

எடையில் ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய். நேரடித் தீயில் வைக்காமல், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்கினேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும், கொதிக்க வைக்க அவசியமில்லை. ஆறினதும் களிம்பாகிவிடும். ஒரு விரல் நுனி அளவு எடுத்து, வெளிப்பக்கம் மட்டும், பழந்துணியால் வட்டமாகத் தேய்த்தேன். விளிம்பிலும் தையலிலும் கொஞ்சம் அழுத்தி. ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். உள்ளே களிம்பு போடவே இல்லை. அலகின் முதுகு உரசும் இடத்தில் மட்டும் வெறும் மெழுகுத் துண்டால் ஒரு கோடு இழுத்தேன், அவ்வளவுதான். தோல் களிம்பைக் குடித்துவிட்டுக் காய்ந்தாற்போலத் தெரிந்தாலும் அடுத்த நாளே மறுபடி போட ஆசைப்படக் கூடாது. மூன்று நான்கு மாதம் தாங்கும்.

இப்போது உறை இடுப்பில் வலது எலும்புக்குக் கொஞ்சம் பின்னால் தொங்குகிறது. ஏணியில் கால் தூக்கி வைக்கும்போது அடிப்பக்கம் தொடையில் முட்டவில்லை. ரம்புட்டானில் கடைசிக் கொப்பு வெட்டும்வரை கத்திரியைக் கீழே போடவில்லை, உறையைக் குனிந்து பார்க்கவும் இல்லை. பழக்கத்தில் இறுக்கம் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, முதல் பிடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பனையேறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டியைக் கவனித்திருக்கிறேன். அவர்களும் கீழே பார்த்து அருவாளை வைப்பதில்லை. பனையின் உச்சியில் இருப்பவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஏணி அதைவிடக் குட்டைதான், ஆனாலும் விழுந்தால் விழுந்ததுதான்.

மழைக்காலத்துக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். வேலை முடிந்ததும் கத்திரியை உறைக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது. தோல் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் இரும்பு அதை வாங்கித் துருவாக்கும். பட்டாளத்து மாமாவும் துப்பாக்கியைப் பற்றி இதையேதான் சொன்னார். கத்திரியைத் துடைத்து எண்ணெய் பூசித் தனியாக மாட்டிவிடுங்கள், உறையைக் காற்றோட்டமான இடத்தில் வாய் திறந்தபடி தொங்கவிடுங்கள். பீரோவுக்குள்ளோ பிளாஸ்டிக் பைக்குள்ளோ வைத்தால் வெள்ளைப் பூசணம் நிச்சயம். பிடித்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, சுத்தமான இன்னொரு துணியில் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து லேசாகத் தொட்டுத் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, அப்புறம் களிம்பு. பித்தளை ரிவிட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டினால் பயப்பட வேண்டாம். தோலில் இருக்கும் கொழுப்பும் பித்தளையும் சேர்ந்து வருவதுதான் அது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த தடவை களிம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.